நிற்காமல் எத்தனை மாடி?

இருபத்தாறு வருஷமாக அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவைக்குக் குறையாமல் பதினோராவது மாடிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அதில் ஒரு தடவைகூடப் படியேறிப் போனதில்லை.

அந்த அலுவலகக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன். மேலாளரே அப்படித்தான் கூப்பிடுவார். லிஃப்டின் மூலையில், பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மர ஸ்டூல். எந்த மாடி என்று யாரையும் கேட்க மாட்டார். ஆள் உள்ளே காலை வைக்கும்போதே விரல் சரியான பொத்தானுக்குப் போய்விடும். யாருக்கு முதுகுவலி, யார் மகளுக்குப் பரீட்சை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்த நாலடிக்கு நாலடிப் பெட்டிக்குள் அவருக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும்.

தன் உடம்பைப் பற்றி அண்ணனுக்கு நல்ல அபிப்பிராயம். ஐம்பத்தாறு வயசு. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. முப்பது வயசில் போட்ட அளவுச் சட்டைதான் இன்றைக்கும். நடுப் பொத்தான் கொஞ்சம் திணறும், அது வேறு விஷயம்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் வீட்டில்.

"கல்லுதான். வெச்ச இடத்துலயே இருக்கும்" என்பார் மனைவி.

ஒருநாள் லிஃப்டைப் பரிசோதிக்க வந்தவர்கள் கம்பி வடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதிசு போட வேண்டும், ஏழு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மேலாளர் ஒரு யோசனை செய்தார். ஏற முடியாதவர்களைக் கீழ் மாடிகளில் உட்கார வைத்துவிட்டு, ஏற முடிந்தவர்களை மேலே அனுப்பிவிட்டால் தீர்ந்தது. ஒரு படிவம் அச்சாகி வந்தது. அதில் ஒரே கேள்வி: 'நிற்காமல் எத்தனை மாடி ஏற முடியும்? உண்மையை எழுதவும்.'

எல்லோரையும் தெரிந்தவர் என்பதால் படிவத்தைக் கொடுத்து வாங்கும் வேலை அண்ணனிடம் வந்தது. அவருக்கும் ஒரு படிவம். லிஃப்ட் இல்லாத ஏழு வாரமும் அவர் கோப்புகளை மாடிக்கு மாடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கணக்குப் பிரிவு அக்கா பருத்த உடம்பு. முதல் மாடிக்கே லிஃப்டில்தான் போவார். அவர் ஐந்து என்று எழுதினார். மாலையில் பந்து விளையாடப் போகும் இளைஞன் ஒருவன் இரண்டு என்று எழுதினான். கீழ்த்தளத்தில் ஜன்னல் ஓர இடம் அவன் கண்ணில் பட்டிருந்தது. காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவர் மேலாளர். அவர் யோசிக்காமல் பதினொன்று என்று போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எல்லோரையும் பற்றி அவருக்குத் தெரியும். தன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தபோதுதான், தன்னைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது.

ஏறிப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று மறுநாள் காலை முக்கால் மணி முன்னதாகவே வந்து, படிக்கட்டுக் கதவைத் தள்ளினார்.

மாடிக்கு இருபத்திரண்டு படி. முதல் மாடி வந்ததே தெரியவில்லை. இரண்டாவதில், இதற்கா இத்தனை பேர் பயந்தார்கள் என்று சிரித்துக்கொண்டார். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. நாலாவதுக்குப் பாதியில் தொடை இரண்டும் வேறு யாருடையதோ போல ஆயிற்று. மூச்சு வாய் வழியே போய் வாய் வழியே வந்தது. கண் ஓரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. யாரோ கீழே கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தார். இல்லை, அவருடைய நெஞ்சுதான். காதுக்குள்ளும் கழுத்திலும் விரல் நுனியிலும் அது இடித்தது. அவர் பயந்துதான் போனார். பிறகு பயம் கொஞ்சம் விலகி, ஆச்சரியம் வந்தது. பிறந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம் லீவு போடாத சாமான், இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரல் கொடுக்கிறது. உள்ளே இப்படி ஒருத்தன் வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கூடப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

கீழேயிருந்து காலடி கேட்டது. சீரான காலடி. துப்புரவு அம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வாளி; அதற்குள் பினாயில் பாட்டில்கள், துணிகள். மறு தோளில் தரை துடைக்கும் குச்சியும் துடைப்பமும். ஐம்பதை எட்டப் போகும், ஒல்லியான பெண்.

"என்னண்ணே இங்க? லிஃப்டை இன்னிக்கே நிறுத்திட்டாங்களா?"

"இல்லம்மா... சும்மா... ஏறிப் பாக்கலாம்னு..."

"பேசாதீங்க. வாயை மூடி, மூக்கால இழுங்க. மெதுவா விடுங்க. நெஞ்சுல வலி ஏதும் இருக்கா? இல்லையே? அப்ப சரி. பழக்கமில்லாத உடம்பு, திமிறும். அடங்கிடும்."

அவர் சொன்னபடியே அடங்கியது. அண்ணன் வாளியைப் பார்த்தார். "தினமும் இதோடதான் ஏறுறியாம்மா?"

"ஆமா. காலையில சாமானோட ஒரு தடவை. மேலேருந்து பெருக்கித் தொடச்சுக்கிட்டே இறங்கிடுவேன். மத்தியானம் குப்பை எடுக்க இன்னொரு தடவை."

"பதினொரு மாடியுமா?"

"பின்ன? பாதியில விட்டா சும்மா இருப்பாங்களா?"

"லிஃப்ட்ல வந்திருக்கலாமே?"

துப்புரவு அம்மா சிரித்தார். "நல்லா கேட்டீங்க. நீங்கதானே வாளியோட ஏறாதேன்னீங்க. நான் சேர்ந்த மொத வாரம். தண்ணி சிந்தும், ஆபீசருங்க வழுக்கி விழுவாங்கன்னு சொன்னீங்க. சரின்னு இந்தப் பக்கம் வந்துட்டேன்."

சொன்ன குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. வாளியோடு ஏறக் கூடாது என்று லிஃப்ட் வாசலில் ஒரு பலகை இருந்தது உண்மை. அதை யார் யாரிடம் எப்போது சொன்னோம் என்பது அவருக்கு நினைவில்லை. ஒரு வாய்வார்த்தை. சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பொத்தானை அமுக்கியிருப்பார்.

"எத்தனை வருஷமாச்சும்மா?"

"வர்ற மாசத்தோட பதினாலு."

துப்புரவு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அண்ணனும் எழுந்து பின்னாலேயே போனார். தான் ஏறுவதையே மறந்து, அவர் ஏறுவதைப் பார்த்தார்.

அவசரமே இல்லாத நடை. முழுப் பாதமும் படியில் பதிந்தது. குதிகால் அந்தரத்தில் நிற்கவில்லை. கைப்பிடியைத் தொடவே இல்லை. படிக்கட்டுத் திரும்பும் இடத்தில் வாளி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது, நடை நிற்கவில்லை, பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதவும் இல்லை. மூன்று படிக்கு ஒரு மூச்சு உள்ளே, மூன்று படிக்கு ஒரு மூச்சு வெளியே. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த உடம்பு தானே கண்டுபிடித்து வைத்திருந்தது. ஏழாவது மாடியில் அண்ணன் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. மேலே, மங்கிக்கொண்டே போன காலடிகளை எண்ணினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்று சாயந்திரம் மகளிடம் கணக்குப் போடச் சொன்னார். "தரையிலேருந்து பதினொண்ணாவது மாடி முப்பத்தாறு மீட்டர். லிஃப்ட்காரங்க சொல்லியிருக்காங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. வருஷத்துக்கு முந்நூறு நாள்னு வை. பதினாலு வருஷம்."

மகள் செல்போனில் தட்டினாள். புருவத்தைச் சுருக்கி இன்னொரு தடவை தட்டினாள். "முந்நூத்தி ரெண்டு கிலோமீட்டர் வருதுப்பா."

"அடேங்கப்பா. பக்கத்து ஊருக்குப் போய் வந்த மாதிரி பல தடவை."

"அப்பா, இது ரோட்டுல நடந்த கணக்கு இல்ல. நேரா மேல! நூறு கிலோமீட்டர் தாண்டினாலே விண்வெளின்னு எங்க புத்தகத்துல இருக்கு."

சாப்பாட்டுத் தட்டில் அவர் கை அப்படியே நின்றது. "வாளியோட போயிருக்காங்கடி" என்றார்.

மனைவி ஒரு பார்வை பார்த்தார். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவர் முகத்தைக் கண்டு விட்டுவிட்டார்.

மறுநாள் அண்ணன் தன் படிவத்தில் மூன்று என்று எழுதினார். படிவக் கட்டுக்கு மேலேயே அது இருந்ததால் எல்லோர் கண்ணிலும் பட்டது. கணக்குப் பிரிவு அக்கா எட்டிப் பார்த்தார்.

"நீங்களே மூணா? அடக் கடவுளே, அப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அஞ்சு போட்டேன்? குடுங்க இங்க." அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, 'அதுவும் பேசாமல் ஏறினால்' என்றும் சேர்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். பந்து விளையாடும் இளைஞன் மத்தியானத்துக்குள் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றான். "அண்ணே, என்னோடதுல ஒரு ஒண்ணு விட்டுப்போச்சு. பன்னெண்டுதான். கட்டடத்துல அவ்வளவு இல்லாததால பதினொண்ணுன்னு போட்டுடுங்க" என்றான்.

மேலாளர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "மூணுதானா அண்ணே? நிஜமாவா?"

"நாலாவதும் பாதி ஏறினேன் சார். பாதிக்குக் கட்டம் இல்லை. சார், ஒரு படிவம் குறையுது. துப்புரவு அம்மாவுக்குக் குடுக்கவே இல்லை."

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க எப்பவும் ஏறுறவங்கதானே?"

"அதனாலதான் சார். ஒரு தடவையாவது கேட்டுடலாமேன்னு."

துப்புரவு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். வேறு யாரும் அதை அவ்வளவு மரியாதையாகப் படிக்கவில்லை. பதினொன்று என்று எழுதினார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"சார், இதுல இறங்குறதுக்குக் கேள்வி இல்லையே?"

"இறங்குறதா? அது சுலபம்தானே?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். ஏறும்போது எனக்கு ஒரு பாடும் இல்லை சார். இறங்கும்போதுதான் இடது முட்டி பேசும். ஆறு மாடி சும்மா இறங்குவேன். அதுக்கப்புறம் பக்கவாட்டுல திரும்பி, ஒவ்வொரு படியா வெச்சுத்தான். ரெண்டு வருஷமா அப்படித்தான். உண்மையை எழுதச் சொல்லியிருக்கே, அதான் சொல்றேன்." பின்பக்கத்தில் அதையும் எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனவர், திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தன் படிவத்தைத் தேடியெடுத்து, பதினொன்றை அடித்து எட்டு என்று எழுதினார். "ரோட்டுல ஓடுறது வேற, இது வேற அண்ணே" என்றார். அந்த வாரமே மேல்மாடியில் ஒன்றும் ஆறாவதில் ஒன்றுமாக இரண்டு அலமாரிகள் வந்தன. பினாயிலும் துணிகளும் அவற்றிலேயே இருந்துகொண்டன. குப்பையைக் கீழே கொண்டுவரும் வேலை, பதினொன்று என்று எழுதிய இளவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

லிஃப்ட் நின்றது. ஏழு வாரமும் அந்தப் படிக்கட்டில் மொத்த அலுவலகமும் மூச்சு வாங்கியது. துப்புரவு அம்மா வரும் காலடி கேட்டால் பேச்சை நிறுத்தி ஓரமாக ஒதுங்குவார்கள். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை. கையில் ஒன்றுமில்லாமலே நாலாவதில் திணறியவன், வாளியோடு இத்தனை வருஷம் ஏறியவர் முன்னால் வேறு என்ன செய்வான்? துப்புரவு அம்மாவுக்குத்தான் கூச்சம். "வேலையைப் பாருங்கப்பா" என்பார். நிற்க மாட்டார்.

அண்ணன் கோப்புகளோடு தினமும் ஏறினார். முதலில் நாலு, பத்து நாளில் ஆறு, ஒரு மாசத்தில் எட்டு. மருத்துவரிடம் போய் நெஞ்சைக் காட்டிவிட்டும் வந்தார்; அவசரப்படாமல் ஏறச் சொன்னார் மருத்துவர். ஆறாவது வாரத்தில் ஒருநாள் காலை, துப்புரவு அம்மாவுக்குப் பின்னால், மூன்று படிக்கு ஒரு மூச்சாக ஏறிக்கொண்டே போனவர், ஒன்பதாவதில் ஒரே ஒரு தடவை நின்று, பதினோராவது மாடிக் கதவைத் தள்ளினார்.

அந்த மாடியின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான தடவை கதவு திறந்து பார்த்த இடம். அன்றைக்கு அது வேறு இடமாக இருந்தது. நெஞ்சு இடிக்க இடிக்க ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார். தெரு ஒரு நாடா போல் கிடந்தது. மனிதர்கள் கடுகு கடுகாக நகர்ந்தார்கள். அத்தனை தூரமும் தன் காலுக்கடியில் படிப்படியாக இருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்தாறு வருஷமாக வந்த மாடி, உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்க இதை ரெண்டு தடவை பாக்குறீங்களே, ஒவ்வொரு நாளும்" என்றார். எப்போதிலிருந்து 'நீங்க' என்று சொல்ல ஆரம்பித்தோம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"எங்க பாக்குறது? வந்ததும் தொடைக்க ஆரம்பிச்சிடுவேன்." துப்புரவு அம்மாவும் ஜன்னலுக்கு வந்தார். இருவரும் சேர்ந்து கீழே பார்த்தார்கள்.

புதிய லிஃப்ட் வந்தபோது அதன் வாசலில் எந்தப் பலகையும் இல்லை. அண்ணன் முதல் நாளே கீழே காத்திருந்து, "வாங்க, வாளியோடவே வாங்க" என்று அழைத்தார்.

துப்புரவு அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணாடி, விளக்கு, பளபளவென்ற தரை. "இறங்கும்போது வரேன் அண்ணே. ஏறுறதை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். சொன்னபடியே மத்தியானம் பதினோராவது மாடியில் லிஃப்டுக்காக நின்றார். அண்ணன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். துப்புரவு அம்மா உட்கார்ந்து, இடது முட்டியை நீட்டி வைத்துக்கொண்டார். கதவு மூடியது.