ஜெபமணி அம்மையாரின் கண்ணாடி டம்ளர்

19.11.2025, புதன்கிழமை, காலை 6.40
ராஜபாளையம்

கடிதம் எண் 2: திருத்தப்படாத அஞ்சலி

ஓய்வூதியர் மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வியாழன், 13.11.2025 அன்று, காலை ஐந்தே காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. "அம்மா போயிட்டாக, சார்" என்றார் ஜெபமணி அம்மையாரின் மகள். மாரடைப்பு. இறுதி ஊர்வலத்திலேயே ஒருவர் என் காதோரம், "அந்தத் தோல் வியாதிதானே?" என்றார். இல்லை என்று அவரிடம் உரக்கவே சொன்னேன். நீங்களோ, "அந்த விஷயம் மட்டும் வேண்டாம், மரியாதையாக இருக்காது" என்று எழுதி என் முதல் கட்டுரையைத் திருப்பி அனுப்பினீர்கள். அந்த விஷயத்தை விட்டால் அவரை எழுதியதாகாது. ஆகவே மீண்டும் எழுதுகிறேன்.

அவரை அறியாதோருக்காக: ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அலுவலகத்தின் தட்டச்சர். 3.6.1996, திங்கட்கிழமை பணியில் சேர்ந்தார். ராஜபாளையத்திலிருந்து இருவரும் ஒரே பேருந்தில் செல்வோம்.

2008இல் அவர் உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் தொடங்கின. கத்தரிக்காயை நிறுத்தினார், கருவாட்டை நிறுத்தினார்; தடிப்பு நிற்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய சக ஊழியர்கள், அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் தரச் சொன்னார்கள். அவர் கண் கலங்கவில்லை. "எனக்குத் தெனமும் புதுக் கப்பு. நீங்க குடிக்கிற கிளாசுல எவன் வாய் வச்சானோ!" என்பார்.

2011 பிப்ரவரியில் வயிற்றெரிச்சலுக்காக மருத்துவரிடம் சென்றார். எண்டாஸ்கோப்பி செய்ததில் இரைப்பையில் பாக்டீரியா தொற்று இருப்பது தெரிந்தது. மறுநாள் பேருந்தில் சொன்னார்: "இந்தக் கிருமிய அழிச்சா சில பேருக்குத் தோலும் அடங்குதாம், சார். எல்லாருக்கும் இல்லையாம். தடிப்பு ஒட்டாதாம், கிருமிதான் வாய் வழியாப் பரவுமாம்."

இரண்டு வாரம் மாத்திரை. மறுசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியாகும் வரை, பேப்பர் கப்பை அவரே கேட்டு வாங்கினார். தடிப்பும் மெல்லத் தணிந்தது. குணமாகிவிட்டது என்று நான் சொன்னபோது, "அடங்கிருச்சுன்னு சொல்லுங்க, அத்துப்போச்சுன்னு சொல்லாதீக" என்று திருத்தினார். முழங்கையில் அது அவ்வப்போது எட்டிப் பார்த்தது உண்மை.

மறுசோதனை முடிவு வந்த மறுநாள், நாங்கள் தேநீர் அருந்தி முடிக்கும் வேளையில் கடைக்கு வந்தார்.

"ஏலே முருகேசா, எனக்குக் கிளாசுல ஊத்து. இவுக அம்புட்டுப் பேருக்கும் பேப்பர் கப்பு குடு. என் வயித்தப் பாத்தாச்சு. இவுக வயித்துல என்ன கெடக்குன்னு எந்த டாக்டர் பாத்தாரு?"

அனைவரும் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தோம். ஓட்டுநர் சங்கரலிங்கம் மட்டும், "யக்கா, குடிச்சு முடிச்ச பொறவா இதச் சொல்லுவீக?" என்றார்.

"அதுக்குத்தாம்லே செத்த நேரம் பொறுத்தேன்."

அன்றிலிருந்து அவருக்குப் பேப்பர் கப் நீட்ட எவருக்கும் துணிவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் கடைக்காரர் முருகேசன், அவர் குடித்துவந்த கண்ணாடி டம்ளரைக் கழுவித் துடைத்து அவரிடமே கொடுத்தார். இப்போது அவர் மகள் என்னிடம் தந்திருக்கிறார்.

ஆசிரியரே, ஒரு சொல் குறையாமல் வெளியிடுங்கள். இயலாதெனில் வெளியிடவே வேண்டாம்.

சென்று வாருங்கள், அம்மா. உங்கள் கையை நீங்கள் மறைத்ததில்லை. வேறெவரும் மறைக்க நான் விடமாட்டேன்.

இணைப்பு:
1. புகைப்படம், ஒன்று. முழங்கைத் தடிப்பு தெரிகிறது, வெட்ட வேண்டாம்.
2. கண்ணாடி டம்ளர், ஒன்று. நீங்கள் நடத்தவிருக்கும் இரங்கல் கூட்டத்தில் எனக்கு இதில்தான் தேநீர் ஊற்ற வேண்டும்.