குடுமியரும் அபிப்பிராயக் கொப்பியும்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க ஒருவருக்கும் தெரியாது. அப்பாவிடமிருந்து தொற்றிய வியாதி அது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அவர், வேலை முடிந்து வந்தால் வானொலிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கேட்ட நாடகத்துக்கெல்லாம் தபால் அட்டையில் நேயர் கருத்து எழுதுவார். அவருடைய பெயரை இரண்டு முறை வானொலியில் வாசித்தார்கள். அந்த இரண்டு முறையையும் வைத்துக்கொண்டு எங்கள் அம்மாவிடம் பத்து வருஷம் பெருமையடித்தார்.

பிறகு வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. சண்டை ஓயாத காலம்தான். ஆனாலும் திருகோணமலை நகரத்துக்குள் கரண்ட் ஓரளவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு யப்பான் கார்ட்டூன் தொடர் போடுவார்கள். வாள்வீரன் கதை, சிங்களத்தில் குரல் கொடுத்தது. வீரனுடைய பெயர் எங்கள் ஒருவருடைய வாயிலும் நுழையவில்லை. உச்சியில் முடியைச் சுருட்டிக் கட்டியிருந்ததால் அவரைக் குடுமியர் என்றோம். குடுமியருடைய தம்பியை ஒரு தளபதி கடற்கரைக் கோட்டையில் மறியலில் அடைத்து வைத்திருக்கிறான். கோட்டைக்கு ஏழு வாசல். வாரத்துக்கு ஒரு வாசலாகக் குடுமியர் வெட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சில வாசல்களில் இரண்டு வாரம் நின்று கதைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அந்த வாரங்களில் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் சிங்களம் வடிவாகத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தபோது பழகிய பாஷை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்போம். தொடர் முடிந்ததும் நான் அபிப்பிராயம் எழுதுகிற கொப்பியைத் திறப்பேன். எனக்குப் பத்து வயது. நேயர் கருத்துக்குச் செயலாளர் நான்தான், என்னை நானே நியமித்துக்கொண்டேன். ஒருவரும் அபிப்பிராயம் சொல்லாமல் எழும்பிப் போக ஏலாது.

அம்மாவுக்குக் குடுமியருடைய சண்டையில் அக்கறை இல்லை. அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாளோ என்பதுதான் வாராவாரம் அவருடைய கவலை. அப்பாவுக்கு, வெட்டப்போகிறவன் வெட்டுவதற்கு முன் இவ்வளவு பேச்சுப் பேசுவது ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அண்ணா அதிகம் சொல்ல மாட்டார். "தம்பியை விட்டிட்டுத் திரும்பி வராத வரைக்கும் ஆள் நல்ல ஆள்தான்" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே வசனத்தைச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். புதிதாக ஏதாவது சொல்லுங்கள் என்று நச்சரிப்பேன். சிரித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார்.

என்னுடைய அபிப்பிராயங்கள்தான் நீளமானவை. குடுமியருக்கு மூளை கிடையாது என்பது என் உறுதியான முடிவு. கோட்டைக்குப் பின்னால் கடல் இருக்கிறது. அந்தப் பக்கம் காவலும் குறைவு. அதை விட்டுவிட்டு ஒரு மனிதன் ஏன் முன்வாசலில் போய் நின்று கத்த வேண்டும்? நாலாம் வாசல் வந்த வாரம் பொறுமை கெட்டு, வழியை நானே படமாகக் கீறிக் காட்டினேன். யப்பான் கோட்டையின் கூரை எனக்குக் கீற வரவில்லை. நாலு மூலையும் வளைந்து வளைந்து போய் என் பென்சிலைக் கேலி செய்தது. அதனால் எனக்குத் தெரிந்த கோட்டையைக் கீறினேன்.

திருகோணமலைப் பிள்ளைக்கு வேறு எந்தக் கோட்டை தெரியும்? வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் கோட்டை வாசலால் நுழைந்துதான் மேலே ஏற வேண்டும். உள்ளே ராணுவம். வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு ஏற்றம், வழியெல்லாம் புள்ளிமான்கள், உச்சியில் கோயில், கீழே மலை செங்குத்தாக இறங்கிக் கடல். குடுமியருடைய கோட்டையும் ஏறக்குறைய அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வாசலைக் கீறினேன். காவல்காரர் நிற்கிற இடங்களுக்குச் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்தேன். மான்களையும் விடவில்லை. கடல் பக்கமிருந்து ஓர் அம்புக்குறி போட்டு, கீழே என் அபிப்பிராயத்தை எழுதினேன்: "முன்வாசலால் போவது மடைவேலை. வள்ளத்தில் வந்து இந்தப் பக்கத்தால் ஏற வேண்டும். காவல் மாறுகிற நேரம் நல்லது."

அந்தப் படத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதை வகுப்பில் ஒருத்திக்குக் காட்டியே ஆக வேண்டும். குடுமியர் வெல்வார் என்று அடித்துச் சொல்கிற அலட்டல்காரி அவள். ஆனால் எங்கள் வகுப்பு ரீச்சர் புத்தகப் பைகளைத் துழாவி, கதைக் கொப்பிகளைக் கண்டால் பறித்துவிடுவார். அண்ணா என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் ரியூசன் கொடுக்கப் போவார். வாசலில் இறங்கும்போது எடுத்துச் சட்டைக்குள் மறைக்கலாம் என்று நினைத்து, திங்கட்கிழமை காலை அவருக்குத் தெரியாமல் கொப்பியை அவருடைய பைக்குள் வைத்தேன்.

துறைமுக வீதியில் இருந்த ராணுவச் சென்றியில் அன்றைக்குச் சோதனை கடுமை. எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அண்ணா அடையாள அட்டையைக் கொடுத்தார். பையைக் கவிழ்த்தார்கள். கணக்குப் புத்தகத்துக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் என் கொப்பி விழுந்தது. சிப்பாய் அதை விரித்த இடத்தில் கோட்டை இருந்தது. அவன் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். அந்த மற்றவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். வாசிக்க வாசிக்க அவனுடைய முகம் மாறியது. யாருடையது என்று கேட்டான்.

அண்ணா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "என்ரை" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு வரி புதிதாகச் சொல்லாத மனிதர், என் படத்தையும் என் அபிப்பிராயத்தையும் தன்னுடையது என்கிறார்! நான் வாயைத் திறந்தேன். அண்ணா என் கையைப் பிடித்து நசுக்கினார். எலும்பு நொந்தது. வீட்டுக்குப் போ என்று சிப்பாய் எனக்குக் கையைக் காட்டினான். அண்ணாவைச் சைக்கிளோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக மீன் விற்கிற அக்கா ஒருவர் வரிசையில் நின்றவர், என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுப் படியேறியதும் நான் சொன்ன முதல் வார்த்தை அண்ணாவைப் பிடித்துவிட்டார்கள் என்பதல்ல. "அண்ணா என்ரை கொப்பியைத் தன்ரை எண்டு சொல்லிப்போட்டார்" என்று அழுதேன். மீன்காரி அக்காதான் மிச்சத்தைச் சொன்னார். அம்மா குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டார்.

அப்பாவும் மாமாவும் முகாமுக்கு ஓடினார்கள். பின்னேரம் வெறுங்கையோடு வந்தார்கள். விசாரணை நடக்கிறது, நாளைக்கு வரச் சொல்கிறார்கள் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன் இரண்டு பொடியன்களுக்கு இதே "நாளைக்கு" சொல்லப்பட்டிருந்தது. அவர்களுடைய தாய்மார் இன்னமும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வேறு, அண்ணா வேறு என்று நினைத்தேன். அண்ணா என்னுடைய கொப்பியைத்தானே திருடினார்.

அடுத்த நாள் காலை எல்லோரும் போனோம். சின்னப் பிள்ளையைக் கண்டால் மனம் இளகும் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டார். போகிற வழியெல்லாம் ஒரே பாடம்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அண்ணா ஒன்று சொல்லியிருக்க நான் வேறொன்று சொன்னால் அவர் பொய் சொன்னதாகிவிடும், பிறகு விடவே மாட்டார்கள் என்று மாமா விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன்.

மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி இருந்தார். மேசையில் என் கொப்பி. மாமா நின்றபடி சிங்களத்தில் கதைத்தார். கார்ட்டூன், சனிக்கிழமை, பிள்ளைகள் என்ற சொற்கள் எனக்கும் பிடிபட்டன. அதிகாரி தலையாட்டவில்லை. கோட்டைப் படத்தை விரித்து விரலால் தட்டினார். சிவப்புப் புள்ளிகளைத் தட்டினார். பிறகு மானைத் தட்டினார். யப்பானில் எங்கே இந்த மான் என்று கேட்டிருக்க வேண்டும். மாமாவின் கழுத்தால் வியர்வை ஓடியது. அப்பா, பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் கருத்துச் சொன்ன மனிதர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஏதோ சொல்லிக் கொப்பியை மூடினார். மாமா அதைத் தமிழில் சொல்லாமலே நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பக்கத்தில் நின்ற தமிழ் தெரிந்த சிப்பாய், "உங்கட மகன் நல்லா கீறுறது" என்றான்.

அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை.

"அது நான் கீறினது" என்றேன். "அண்ணாவுக்குக் கீறவே தெரியாது."

அம்மாவின் நகம் என் தோளுக்குள் இறங்கியது. சிப்பாய்தான் சிங்களத்தில் சொன்னான். அதிகாரி என்னை முதல் தடவையாகப் பார்த்தார். ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

கீறினேன். அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாசல், ஏற்றம், கடல். வழக்கம்போல மானுக்குக் காது பெரிதாகப் போய்விட்டது. அதிகாரி அதைப் பார்த்து ஆடா என்று கேட்டாராம். எனக்கு ரோசம் வந்தது. "ஆடில்லை, மான். கோயிலுக்குப் போகேக்கை நிக்கிறது" என்றேன். பிறகு, நாலாம் வாசலைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று சிப்பாய் மூலம் கேட்டார். எங்கள் வீட்டார் அல்லாத ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குடுமியருக்கு ஏன் மூளை இல்லை என்பதை நான் முதல் வாசலிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அதிகாரி நடுவில் நிறுத்தி மாமாவிடம் ஏதோ சொன்னார். மறியலில் இருப்பவன் குடுமியருடைய தம்பியே இல்லையாம். வேறு யாரோ பிரபுவின் மகனாம். அவரும் பார்த்திருக்கிறார்! மாமா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி என்று சேர்த்தது அவருடைய வேலை.

மத்தியானம் அண்ணாவைக் கொண்டுவந்து விட்டார்கள். கோட்டைப் படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் அண்ணா சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். அப்பா பிடிக்கப் போனதற்கும் விடவில்லை. நான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏன் உங்கடை எண்டு சொன்னனீங்கள்?"

சைக்கிளை ஒரு குழியைச் சுற்றி உருட்டினார். பிறகு, "நல்லா எழுதியிருந்தாய். அதுதான்" என்றார்.

ஆக, பொறாமை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். அண்ணனைக் காப்பாற்றிய வாய்க்காரி என்று ஒழுங்கையே என்னைக் கொஞ்சியது. எல்லாப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பெட்டியைப் போட்டோம். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணா தன் இடத்தில்தான் இருந்தார், ஆனால் சுவரில் சாயவில்லை. ஐந்தாம் வாசல் திறந்து, மறியல் அறையைக் காட்டினார்கள். தம்பியைக் கட்டி வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். என்ன சொல்கிறார்கள் என்று நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

தொடர் முடிந்ததும் கொப்பியோடு சுற்றி வந்தேன். அம்மாவிடம் அபிப்பிராயம் இல்லை. அப்பாவிடமும் இல்லை. விட்டுவிடுவேனா? கிணற்றடிக்குப் போனேன். அண்ணா வாளியால் அள்ளி அள்ளி முதுகில் ஊற்றிக்கொண்டு நின்றார். என்ன எழுத என்று கேட்டேன்.

"எழுத ஒண்டுமில்லை, பிள்ளை. எனக்கு இனி அது வேண்டாம்" என்றார்.

அந்தக் கொப்பி இன்னமும் என்னிடம் இருக்கிறது. நடுவில் ஒரு தாள் இல்லை. அதற்குப் பிறகு ஒரேயொரு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். பத்து வயதுக் கோணல் எழுத்தில், செயலாளருக்குரிய கவனத்தோடு, கண்டதை ஒன்றும் விடாமல்: "அண்ணா: தொடர் பிடிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. குளிக்கும்போது சட்டையைக் கழற்ற மறந்துவிட்டார்."