ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்த காப்பி

இன்று காலை மாட்டுங்காவில் வழக்கமாகக் காப்பிப்பொடி வாங்கும் கடைக்குப் போனேன். கதவு பாதிதான் திறந்திருந்தது. தமிழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்கள்.

“இன்னிக்கு வறுக்கலை மாமி. நேத்து சாயங்காலம் கல்லெறிஞ்சா. வாசனை வந்தா மறுபடியும் வருவா” என்றார் கடைக்காரர்.

மதராஸிகளை ஊருக்குப் போகச் சொல்லி பம்பாய்ச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறதே, அவரை என்ன சொல்வது? பச்சைக் கொட்டையாக அரைக் கிலோ வாங்கிக்கொண்டு செம்பூருக்குத் திரும்பினேன்.

இரும்பு வாணலியில் போட்டு வறுத்தேன். கொட்டை சிவந்து வெடிக்கும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். வாணலியை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் திறந்தேன்.

எதிர்வீட்டு மராத்திக்காரி கமல்தான். ஒன்பது வருஷமாக, இந்த வாசனை வந்தால் டம்ளரோடு வருகிறவள். இன்று வெறுங்கையோடு நின்றாள்.

“கிட்கி பந்த் கரோ, சரசு” என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினாள். மதராஸி வீடு எது என்று கீழே நாலு பேர் கேட்டார்களாம். தெரியாது என்று சொல்லிவிட்டாளாம்.

காப்பி குடித்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன்.

“ஆஜ் நஹி”, இன்றைக்கு வேண்டாம் என்றவள், மாடிப்படியையே பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜன்னலைச் சாத்தினேன். வீடெல்லாம் புகை. கொட்டை கரிந்துபோயிற்று. அதையே அரைத்துக் காப்பி போட்டேன்.

ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, “நன்னாருக்கு” என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என் காப்பியைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

வாசனை வெளியே போகாமல் வறுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.