பதமாக உதைத்தவர்கள்

கொரோனாவுக்குப் பூட்டிய எங்கள் உடற்கல்விக் கல்லூரி திரும்பத் திறந்து, சூலூர் பஸ்ஸில் மறுபடியும் நெரிசலில் நின்றுகொண்டு போக ஆரம்பித்த வருஷம் அது. என் சின்ன மகளுக்குக் கொடுமுடியில் சம்பந்தம் பேசியதும் அப்போதுதான். மாப்பிள்ளை வீட்டார் மாஸ்க்கோடு வந்தார்கள். காப்பி குடிக்கும்போதுதான் முகமே தெரிந்தது. அது கிடக்கட்டும்.

நான் அந்தக் கல்லூரியில் லேப் அட்டெண்டர். மெஷின் துடைப்பேன், வருகிறவர்களுக்கு டீ கொடுப்பேன். கவிதா என்று ஒரு பிள்ளை ஆராய்ச்சி செய்தது. தறி ஓட்டுகிற பெரியவர்களை மெஷினில் உட்காரவைத்து, காலை நீட்டி உதைக்கச் சொல்லும். பலம் எண்ணாகத் திரையில் வரும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப உதைக்க வேண்டும். இரண்டு ரீடிங்கும் ஒட்டி வந்தால்தான் அளவை நம்பலாமாம்.

இரண்டாம் வாரம் வந்தவர்களுக்கெல்லாம் ரீடிங் ஏறிவிட்டது. கவிதாவின் கைடு எட்டிப் பார்த்தார்.

"ஒரு வாரத்துல எப்படிம்மா பலம் கூடும்? இப்படியே இருந்தா உன்ற தீசிஸ் நிக்காது. மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. ஊரில் கல்யாணத்தைத் தள்ளிவைத்துப் படிக்க வந்த பிள்ளை.

கடைசியாக மாரப்பன் என்ற பெரியவர் உதைத்தார். அவருக்கும் ஏறியிருந்தது.

"ஏனுங்க, ஜிம்முக்குக் கிம்முக்குப் போனீங்களா?" என்றது கவிதா.

"நல்லாக் கேட்டீங்க போங்க! தறிக்குப் போயிட்டு வந்தா ஊடு வந்து சேர்றதே பெரும்பாடுங்க." இறங்கியவர் மெஷினைக் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகலீங்களே அம்மணி?"

"என்ன ஆகோணும்?"

"போன வாரம் பதமாத்தானுங்க ஒதைச்சேன். அடுத்தவங்க பொருளு. ஒடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா உங்க படிப்பு என்னாகறது? தாங்குதுன்னு தெரிஞ்சுதான் இன்னைக்கு நல்லா ஒதைச்சுப்போட்டேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த மற்றவர்களும், "நாங்களும் அப்படித்தானுங்க கண்ணு," என்றார்கள். கவிதா அழுகையோடே சிரித்துவிட்டது.

"நல்லாப் பயந்தீங்க போங்க! அடுத்த வாரமும் வந்து இதே மாதிரி ஒதைக்கறீங்களா?"

"டீ உண்டுங்களா?"

எல்லோரும் வந்தார்கள். இரண்டாவது ரீடிங்கும் மூன்றாவதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கைடு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மொத நாள் ரீடிங்கைப் பழகறதுக்குன்னு தள்ளிரும்மா. ஏன் தள்ளுனேன்னும் மறைக்காம எழுது," என்றார்.

பலம் அளக்கிற வேலையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்: முதல் நாள் சும்மா உதைத்துப் பார்க்க விடட்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு மெஷின்மேல் பயம் போன பிறகு வருவதுதான் அவர்களுடைய பலம்.