கருங்கல்லுக்கு ஒரு பொருத்தனை

தாராவியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கட்டடக்கலை படித்து, பழைய கட்டடங்களைச் செப்பனிடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், சின்ன வயதிலிருந்து ஞாயிறு மதியம் போய்வந்த கோயிலைச் சரியாகப் பார்த்தேன்.

மும்பையின் ஃபோர்ட் பகுதியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய ஆங்கிலிக்கன் கோயில் அது. காலையில் ஆங்கில ஆராதனை, மதியம் எங்கள் தமிழ் ஆராதனை. சுவரெல்லாம் இந்த ஊர்க் கருங்கல். தூண்களுக்கும் கூரிய வளைவுகளுக்கும் கடல் வழியே வந்த வெளிர்மஞ்சள் போர்பந்தர் கல். கூரை பர்மா தேக்கு. அவர்கள் குடும்பமாக உட்காரப் போட்ட பெஞ்சுகளில் நாங்கள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது ஆல்டர் பீடத்தை ஒட்டிய சுவர் பச்சை பூத்திருந்தது. மகனுக்கு மஞ்சள்காமாலை குணமானதற்காக, அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாகப் பெரியம்மா பொருத்தனை செய்திருந்தார். சபைக் கமிட்டியும் சம்மதித்துவிட்டது. டின்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூடாது என்றேன்.

"ஏட்டி, நம்ம ஊர்ல வருசா வருசம் கோயிலுக்கு வெள்ளையடிக்கோம். இங்க அடுப்பங்கரைச் செவரு மாதிரி கரியா கெடக்கு. ஆண்டவருக்கு நல்லாவா இருக்கும்?"

"இந்தக் கல்லுச் செவரு மூச்சு விடணும் பெரிம்மா. உள்ள போன தண்ணி வெளிய வரணும்லா. ஆயில் பெயின்ட் அடிச்சா அடைச்சுக்கிடும்."

"கல்லு மூச்சு விடுதாம்! நல்லாத்தான் படிக்க வச்சாவ ஒன்னிய."

"படிச்சதுனாலதான் சொல்லுதேன்."

கையைப் பிடித்து, ஆயர் அங்கி மாற்றும் அறைக்கு அழைத்துப் போனேன். அங்கே யாரோ எப்போதோ பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்பளம் மாதிரி உப்பியிருந்த இடத்தைக் கீறச் சொன்னேன். பெயின்ட் உரிந்தது. பின்னாலேயே கல்லிடுக்கிலிருந்து ஈரமான சுண்ணாம்புத்தூள் உதிர்ந்தது. பெரியம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ என் பொருத்தனை?"

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த பழைய சுண்ணாம்புச் சாந்து உளுத்துப்போயிருந்தது. தண்ணீர் நுழைந்த வழி அதுதான். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு வைக்கலாம் என்றேன்.

"ஊர்ல அடிக்கதும் சுண்ணாம்புதான பெரிம்மா? அங்க மேல, இங்க உள்ள."

"உள்ள வச்சா ஒருத்தருக்கும் தெரியாதே, ஏட்டி."

"பொருத்தனை ஆருக்குப் பண்ணுனீய?"

"வாயப் பாரு இவளுக்கு!" என்று முறைத்தார். பிறகு, "மொதக் கை நாந்தான் வப்பேன்" என்றார்.

கமிட்டியில் நானே பேசினேன். டின்கள் கடைக்குத் திரும்பின. வேலை தொடங்கிய நாளில் பெரியம்மா பட்டுச்சேலையோடு ரப்பர் கையுறை மாட்டி, ஜெபித்துவிட்டு முதல் இடுக்கில் சாந்தை அழுத்தினார். கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த மழையில் சுவர் காய்ந்தே இருந்தது. ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைப் பெரியம்மா நேராக அங்கேதான் இழுத்துப் போனார்.

"கல்லப் பாக்காதீய. நடுவுல பாருங்க. அது நான் வச்சது."