எல்லாருக்கும் ஒரே யூ

மீன மாசத்து வெயிலில் கழுத்தில் டையை இறுக்கிக்கொண்டு திரிகிற ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேரள எல்லையில் இருக்கிற பாறசாலையில், ஹார்டுவேர் கடை மாடியில் இங்கிலீஷ் கோச்சிங் சென்டர் நடத்தியவர் அப்படிப்பட்ட ஆள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை முதலில் 'அவன்' என்றுதான் எழுதுகிறது. அடித்துவிட்டு 'அவர்' என்று போடுகிறேன். அதற்கு அவருக்குத் தகுதி உண்டு என்பதால் அல்ல. எனக்கு அந்த எழவு மரியாதை பழகிப்போய்விட்டது.

நெய்யாற்றின்கரையில் பாரலல் காலேஜ் என்கிற ஒரு தனியார் டுடோரியலில் பி.ஏ. பிள்ளைகளுக்கு ஆங்கில மொழியின் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை விரும்பிப் படித்த பிள்ளை ஒன்றுகூட நினைவில் இல்லை. சனி ஞாயிறுகளில் இந்த சென்டருக்கும் வரச் சொன்னார்கள், போனேன். வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சை எழுதும் நர்ஸ்கள்தான் அங்கே முழுக்க. வாசிப்பதும் எழுதுவதும் என் பொறுப்பு. பேசச் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. தனக்கு எது வராதோ அதையே அவர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போன முதல் நாளே கூத்து ஆரம்பித்தது. போர்டில் பெரிசாக 'தௌ' என்ற பழைய இங்கிலீஷ் சொல்லை எழுதி, பிரம்பால் தட்டினார்.

"பழைய ஜெபத்தில ஒக்கெ கர்த்தாவை விளிக்கது தௌன்னாக்கும். அப்பம் யோசிச்சு நோக்கு, எவ்வளவு வலிய மரியாதை வாக்குன்னு. சாதாரண ஆளுக்கு யூ, தம்புரானுக்கு தௌ. மனசிலாயோ?"

நர்ஸ்கள் தலையாட்டினார்கள். இரண்டு பேர் எழுதியும் வைத்துக்கொண்டார்கள்.

விஷயம் நேர் தலைகீழ். தௌ என்றால் 'நீ', அவ்வளவுதான். பிள்ளையையும் கூட்டாளியையும் வேலைக்காரனையும் நாயையும் கூப்பிட்ட சொல் அது. சாமியிடம் நெருக்கம் இருந்ததால் சாமிக்கும் அதே 'நீ'. நம் கோவில்களிலும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். பலபேரைக் கூப்பிட 'யே', 'யூ' என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. எழுவாயாக வந்தால் யே, செயப்படுபொருளாக வந்தால் யூ. ஒற்றை ஆளாக நிற்கும் பிரபுவைப் பத்துப் பேராக நினைத்துக் கூப்பிட்டுக் குளிர வைக்கும் பழக்கம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பிறகு யூ யேயைத் தின்றது. அப்புறம், யாரிடம் தௌ சொன்னால் யாருக்கு மூக்குமேல் கோபம் வருமோ என்று பயந்து பயந்து, எல்லாரும் எல்லாரையும் யூ என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். நடுவில் ஒரு கிறிஸ்தவ சபைக்காரர்கள் 'தெய்வத்தின் முன்னால் எல்லாரும் ஒன்று' என்று சொல்லி ஜட்ஜைக்கூடத் தௌ என்று கூப்பிட்டு, அடியும் வாங்கி ஜெயிலுக்கும் போனார்கள். கடைசியில் அந்த ஊர்ப் பேச்சில் 'நீ' செத்தது, 'நீங்கள்' பிழைத்தது. அதனால்தான் இன்றைக்கும் ஒரே ஆளைப் பார்த்துப் பன்மைக்கு உரிய 'ஆர்' போட்டுப் பேசுகிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"டீச்சரே, இது ஒக்கெ பரீட்சைக்கு வருமா?"

"வராது."

"பின்ன விட்டுக்களைங்க."

இன்னொரு நாள், ஒரு நர்ஸ் தன் கட்டுரையில் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு நோயாளிக்கு 'தே', அதாவது 'அவர்கள்', என்று எழுதியிருந்தாள். அதை வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்தார். "ஒரு ஆளுக்கு எங்கனெ தே வரும்? இப்போ உள்ள பிள்ளேருக்க பேஷனாக்கும் இது!" ஒற்றை ஆளுக்கு 'தே' போடுவது அவருடைய டையைவிட, அவர் குடும்பத்துத் தரவாட்டு வீட்டைவிடப் பழைய வழக்கம். சொன்னால் ஏறவா போகிறது? அறிவில்லாதவரைப் பொறுத்துக்கொள்ளலாம். அறிவில்லாமல் பிரம்பும் வைத்திருப்பவரைப் பொறுப்பதற்குத் தனிப் பிறவி எடுக்க வேண்டும்.

அந்த வகுப்பில்தான் பூவாறிலிருந்து வருகிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர். புருஷன் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். பெண் குழந்தை பிறந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனவன், அப்புறம் வரவில்லை. குழந்தைக்கு அப்பா என்றால் போன்தான், போனைக் கொடுத்தால் அதற்கு முத்தம் கொடுக்கும். இவளுக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரி வேலை ஒதுக்கி வைத்திருந்தது. இந்தமுறை பரீட்சை பாஸாகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லியும்விட்டது.

அவள் நன்றாக எழுதுவாள், நன்றாக வாசிப்பாள். பேச்சில்தான் போன தடவை தோற்றிருந்தாள். பரீட்சை நடத்துகிறவர் நோயாளியாக நடிப்பார், இவள் நர்ஸாகவே பேச வேண்டும். அதில் என்ன தப்பு வந்தது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு வயசான ஆளு, டீச்சர். அங்கிளுக்கு எங்க நோவுன்னு இங்கிலீஷில கேட்டேன். எந்த அங்கிள்னு என்னைத் திருப்பிக் கேட்டாரு. அங்கிள் ராத்திரி உறங்கிச்சான்னு கேட்டேன். எனக்கு அங்கிளே இல்லன்னு சொல்லிட்டாரு."

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் இது எங்கள் பக்கத்து நாக்கு. இங்கே பெரியவர்களை நேருக்குநேர் 'நீங்கள்' என்றுகூடச் சொல்லமாட்டோம். 'சார் சாப்பிட்டாச்சா', 'அண்ணன் எப்ப வந்தது', 'சேச்சி எங்கோட்டாக்கும் போவுது?' என்று, எதிரில் நிற்கிறவரையே வேறு யாரோ மாதிரிப் பேசுவோம். மலையாளத்துக்கு மாறினாலும் கதை இதுதான். அதுவும் கடற்கரையிலிருந்து வருகிற பெண்ணுக்கு, மேலே இருக்கிறவர் முகத்தைப் பார்த்து விரல் நீட்டுகிற மாதிரி ஒரு சொல் சொல்ல நாக்கு எழும்புமா? ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் பேசியிருக்கிறாள், நோயாளிகளும் அவளைக் கொண்டாடியிருக்கிறார்கள்.

முதலாளியின் வைத்தியம் வேறு. தானே நோயாளியாக, நெஞ்சில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். அவளை எதிரில் உட்கார வைத்து, "யூன்னு சொல்லுடீ! யூ! ஆடுமாதிரி முழிச்சிட்டு இருந்தா விசா வீட்டுக்கு வருமா? அங்க எல்லாரும் சமம். ராஜாவும் யூ, தோட்டியும் யூ. உங்க ஆளுகளுக்கு இது எப்பம்தான் படியும்?" என்று கத்துவார். சமத்துவத்தை இவ்வளவு கேவலமாக யாரும் போதித்து நான் கேட்டதில்லை. அவள் வாயைத் திறப்பாள். "சாருக்கு" என்றுதான் வரும். அவர் பிரம்பால் மேஜையில் அடிப்பார்.

ஒரு ஞாயிறு மதியம் அவளைத் தனியாக உட்கார வைத்துத் தௌ, யூ கதை முழுவதையும் சொன்னேன். என் பி.ஏ. பிள்ளைகள் கொட்டாவி விட்ட அதே பாடம். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்பம் யூன்னா நீங்க ஆக்கும்?"

"ஆமா மக்கா. வேலைக்காரன் எஜமானைக் கூப்பிட்ட சொல்லு. பயப்படாம சொல்லு."

"அப்பம் அவங்களுக்க நீ எங்க போச்சு?"

"செத்துப்போச்சு."

"நல்லதாப் போச்சு" என்றாள்.

அன்றைக்கு என்னிடம் சரளமாகப் பேசினாள். என் கால் வலியை விசாரித்தாள், என் தூக்கத்தை விசாரித்தாள், எல்லாம் யூ. ஆனால் மறுவாரம் அந்தத் துண்டுக்காரர் எதிரில் உட்கார்ந்ததும் பழையபடி "சாருக்கு" வந்து நின்றது. பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது.

அப்படி ஒரு நாள், முதலாளி துண்டோடு நோயாளியாகச் சாய்ந்து அவளை எதிரில் உட்கார வைத்திருந்தபோதுதான் அவள் அப்பா மாடி ஏறி வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், இவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள், அதனால் பூவாறிலிருந்து பஸ் மாறி நேரிலேயே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்த மனிதர். வாசலில் நின்று, "சாரே, மோளைக் கூட்டிட்டுப் போக வந்ததாக்கும்" என்றார்.

முதலாளிக்கு அவருடைய மகன் வயசு இருந்தால் அதிகம். சாய்ந்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தார். "எலே, எங்கலே கேறி வாறே? கிளாஸ் நடக்கது கண்ணு தெரியல்லியா? செருப்பைக் கழற்றிப்போட்டுட்டு வெளிய நில்லு" என்றார். அறையில் இருந்த எங்கள் எல்லார் காலிலும் செருப்பு இருந்தது.

பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பேசினாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நோயாளி கோபப்பட்டால் நர்ஸ் எப்படிப் பேச வேண்டும் என்று பரீட்சை கேட்குமோ, அதே அமைதியில், முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்.

"ஐ கேன் சீ யூ ஆர் அப்செட். உட் யூ ப்ளீஸ் லோயர் யுவர் வாய்ஸ்? யூ ஆர் டாக்கிங் டு மை ஃபாதர்."

கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, குரலைத் தாழ்த்துங்கள், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது என் அப்பாவிடம். ஒரு பிழை கிடையாது. நான் மார்க் போட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். முதலாளி துண்டை உதறிவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"எடீ! யாரைப் பாத்துடீ யூன்னு விளிக்கே? நான் உனக்க சாராக்கும்!"

இத்தனை மாசமாக யூ சொல்லு, யூ சொல்லு என்று மேஜையை உடைத்த மனிதர்! எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. பின்பெஞ்சில் ஆரம்பித்து நர்ஸ்களும் சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு, அப்பாவுடைய செருப்பைத் தானே எடுத்து அவர் காலடியில் போட்டு, மாடியிறங்கிப் போய்விட்டாள். இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவர் மாடியிலிருந்தே கத்தினார். நானும் அன்றோடு நின்றுகொண்டேன். மிச்ச நாட்களுக்கு அவள் என் வீட்டுக்கு வந்து படித்தாள்.

பாஸாகிவிட்டாள். பேச்சில்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட நல்ல மார்க். போனில் சொல்லும்போது அழுதாள், நானும் அழுதேன். விசாவும் வந்தது, குழந்தைக்கும் சேர்த்து.

அதற்கடுத்த வாரம் முதலாளி என் வீட்டு வாசலில் நிற்கிறார். அதே டை. வெற்றி பெற்றவர்களின் படம் போட்டு ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டுமாம், அந்த பேட்சில் பேச்சில் அவளைப் போல மார்க் வாங்கியவர்கள் யாரும் இல்லையாம். வெட்கம் என்ற ஒன்று இருக்கிறதே, அதை இந்த மனிதர் எந்தக் கடையில் விற்றார் என்று தெரியவில்லை. அவளைப் போனில் கேட்டாராம். 'அப்பா சம்மதிச்சா சார் போட்டுக்கலாம்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாளாம். நானும் கூட வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன், ஆனால் கட்டாயம் வருகிறேன் என்று கிளம்பினேன். இந்தக் காட்சியை விடுவேனா?

பூவாறில் அவர்கள் வீடு, டூரிஸ்ட் படகுகள் கட்டிக் கிடக்கிற கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நாங்கள் போனபோது பெரியவர் வாசல் குழாயடியில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் துவர்த்துத் துண்டோடு பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் "டீச்சரா, கேறி இருக்கணும்" என்றார் பெரியவர். முதலாளியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

முதலாளி முன்னால் போய் நின்றார். வாய் திறந்தது. 'எலே' என்று தொடங்க முடியாது, காரியம் கெட்டுவிடும். 'நீ' என்றும் முடியாது. 'நீங்க' என்று சொல்லியிருக்கலாம். அதுவும் வேண்டாம், ஊரே சொல்கிற மாதிரி 'அண்ணன்' என்றோ 'மாமன்' என்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு மீன்பிடிக்காரரை அப்படிக் கூப்பிட அந்தத் தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை. டையைத் தளர்த்தினார். பிறகு, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத அந்தப் பெரியவரைப் பார்த்து, "யூ... ப்ளீஸ்... யுவர் டாட்டர் ஃபோட்டோ..." என்று ஆரம்பித்தார்.

பெரியவர் கையில் செம்போடு நிமிர்ந்து பார்த்தார். தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தார்.

"மக்கா, இந்த சாரு ஆருகிட்டப் பேசுதாரு?"

"அப்பாகிட்டத்தான்" என்றாள் அவள். "அப்பாவை எப்பிடி விளிக்கணும்னு சாருக்கு இன்னும் படியல்ல."

"அப்பம் படிச்சிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் அடுத்த செம்புத் தண்ணீரைப் பேத்தியின் தலையில் ஊற்றினார்.