ஒட்மார் கீறிய கோடு

எங்கள் ஹின்டர்மோஸ் மலையில் ஒட்மாரைப் போலப் பனிச்சறுக்குப் பலகை வாங்கிக் குவித்தவன் வேறு எவனும் இல்லை. வாங்கிய பலகைகளை அவனைப் போல அவமானப்படுத்தியவனும் இல்லை. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். கசாப்புக் கடை வைத்திருக்கிறான். அவன் போடும் தொத்திறைச்சியைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்வதற்கு மற்றதெல்லாம் இருக்கிறது.

நான் கீழ் நிலையத்தில் நாற்காலி லிஃப்டை ஓட்டுகிறவள். பெயர் கெர்ட்ராவுட், கூப்பிடுவது கெர்டி. பெரிய சரிவு முழுவதும் என் ஜன்னலுக்கு நேர் எதிரே கிடக்கிறது. யார் இறங்குகிறார்கள், யார் உருளுகிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன், பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் பலகைக்காரர் என்றால் கடின பூட்டுக்காரர்தான். பூட்ஸைத்தான் நாங்கள் பூட்டு என்போம். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பூட்டு, ஒல்லியான நீளப் பலகை, இரண்டு பாதமும் முன்பக்கம் பார்த்தபடி உலோகப் பிடியில் மாட்டியிருக்கும். மெத்து மெத்தென்ற பூட்டோடு பனியை வழித்துத் தள்ளிக்கொண்டு வருகிற கூட்டத்தை நாங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பலகை விளிம்பில் நிற்க வேண்டும், விளிம்பு பனியை வெட்டிக்கொண்டு போக வேண்டும், பின்னால் கத்தியால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு கிடக்க வேண்டும். தடம் அகலமாகக் கிடந்தால் அது சறுக்கல். சறுக்கியவன் அன்றைக்கு வாய் திறக்காமல் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

மேல் நிலையத்திலிருந்து நடு நிலையம் வரை, இடப்பக்கத் திருப்பத்திலும் வலப்பக்கத் திருப்பத்திலும் கோடு அறாமல் இறங்கியவருக்கு எங்கள் பலகைக்காரர் சங்கம் ஒரு தகரப் பதக்கம் குத்தும். யாரும் கூடவே வந்து பார்க்க வேண்டியதில்லை. லிஃப்டில் மேலே போகும்போது சரிவைக் குனிந்து பார்த்தால் போதும், கோடு கிடக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒட்மார் இந்தத் தகரத்துக்காகப் பல குளிர்காலமாக அலைந்தான்.

கால்விரல் பக்கமாகச் சாயும்போது அவன் சுமாராக வருவான். அதிலும் கையை நீட்டிப் பனியைத் தொட்டுத் தடவிக்கொண்டு வருவான். கை தரையைத் தொட்டுவிட்டால் தான் சாய்ந்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு. சாய வேண்டியது பலகை அல்லவா? குதிகால் பக்கம் வந்தாலோ கேட்கவே வேண்டாம், பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு கழிப்பறையில் உட்காருகிறவன் மாதிரி உட்காருவான். பலகை உடனே வழுக்கும்.

சங்கத் தலைவர் கஜெட்டான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். "முட்டிய மடக்குடா, இடுப்ப இல்ல! உன் கையை என்னத்துக்குப் பாக்கற? அடுத்த திருப்பத்தப் பாரு!"

"முட்டியெல்லாம் சரியாத்தான் மடங்குது கஜெட்டான். பூட்டுதான் தொளதொளங்குது" என்பான் ஒட்மார்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். விறைப்பான பூட்டு வாங்கினான், கணுக்காலை அசைக்க முடியவில்லை. அதற்குப் பலகை மேல் பழி போட்டு இன்னும் நீளமானதை வாங்கினான். அது திரும்ப மறுத்தது. உலோகத் தகடு வைத்த பலகை வந்தது, அதன்மேல் அதிர்வைத் தாங்க ஒரு மேடை வந்தது, அந்த மேடைக்கு ஒரு தனி எண்ணெயும் வந்தது. பந்தயக்காரன் ஒருவன் எந்தக் கோணத்தில் பிடியை வைக்கிறான் என்று கேட்டு வந்து, அதே கோணத்தில் தானும் வைத்தான். அந்தப் பந்தயக்காரனின் தொடை இவன் இடுப்பளவு இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அவன் கழித்துக் கட்டியதெல்லாம் மனைவி ரோஸ்விதாவுக்குப் போயிற்று. காலளவு இருவருக்கும் ஒன்றுதான். தொளதொள என்று அவன் எறிந்த கடின பூட்டின் உள்ளுறையைக் கடையில் சூடுபண்ணித் தன் பாதத்துக்கு வார்த்துக்கொண்டாள். அவன் சின்னது என்று ஒதுக்கிய பலகை அவள் எடைக்குச் சரியாக வளைந்தது. பூட்டின் நுனி விளிம்புக்கு வெளியே நீட்டாத வரைக்கும் பிடியைத் திருப்பி வைத்தாள். நீட்டினால் சாயும்போது நுனி பனியில் இடித்துத் தூக்கி எறிந்துவிடும். பிறகு பல நாள் மெதுவான சரிவிலேயே கிடந்தாள். லிஃப்டில் ஒட்மார் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இன்னும் கொஞ்சம் கீழ சாயணும் ரோஸ்வி, என்னை மாதிரி" என்று வகுப்பு எடுத்தபடியே போவான். அவளும் தலையாட்டிக்கொண்டு போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் இளகிய பனி இறுகி, இயந்திரம் வாரிவிட்ட சரிவு வரிவரியாகக் கிடந்தது. ஒட்மார் வண்டியின் பின்னால் குனிந்து மேடைத் திருகுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தான். ரோஸ்விதா கடை திறக்கப் போக வேண்டும் என்று அவனுக்குக் காத்திராமல் வந்தாள். முதல் நாற்காலியில் தனியாக ஏற்றிவிட்டேன்.

அவள் இறங்கியதை என்ன சொல்ல? கையைத் தொங்கவிட்டுப் பனியைத் தேடவில்லை. முகம் எப்போதும் அடுத்த திருப்பத்தில் இருந்தது. குதிகால் பக்கமும் உட்காராமல், முட்டிகளை உள்ளே சேர்த்து, பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொண்டு வந்தாள். நான் கையிலிருந்த டீயை மறந்துவிட்டேன்.

"கெர்டி, பாத்தியா?" என்றாள், மூச்சு வாங்க.

"பாத்தேன்டி. ரெண்டு பக்கமும்!"

"சொல்லிடாத. சங்கத்து ஆளுங்களே மேல போறப்ப பாத்துட்டு யாருதுன்னு கேக்கட்டும். அந்தக் கேள்விய ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு." சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விதான்.

அடுத்து ஒட்மாரை ஏற்றினேன். அவன் ஓரமாக வழக்கம்போல் வழித்துக்கொண்டு வந்தான். அதன் பிறகு சங்கத்தார் வந்தார்கள். அவனும் அவர்களோடு மறுபடி ஏறினான். திரும்பி இறங்கியபோது ஒரே ஆரவாரம். ஆளாளுக்கு ஒட்மாரின் முதுகில் தட்டினார்கள்.

"யார் கோடுன்னு கேட்டோம். இவன் பூட்டுக் கொக்கிய நோண்டிக்கிட்டிருந்தான். அப்பறம் மெதுவா 'என்னுதுதான்'னு சொன்னான் பாரு!" என்றார் கஜெட்டான். "அந்த மேடை வேலை செஞ்சிருச்சு போல!"

ஒட்மார் என் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. தனக்கு முன்னால் ஏறியவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான், அதுவும் மனைவி விளைவித்த பூசணிக்காயை. மதிய இடைவேளையில் கசாப்புக் கடைக்கே போய் ரோஸ்விதாவிடம் சொன்னேன். அவள் வெட்டிக்கொண்டிருந்த பன்றி இறைச்சியை முழுவதும் வெட்டி முடித்தாள்.

"சரி. சாயங்காலம் வரேன்" என்றாள்.

பொழுது சாய்கையில் சங்கக் குடிலில் கூடினோம். எங்கள் வழக்கம் கொஞ்சம் அசிங்கமானது. கோடு கீறிய பூட்டைக் கழற்றி அதில் பீர் ஊற்றி, பதக்கக்காரர் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். ஒட்மார் தன் புதிய பூட்டில் குடித்தான். கஜெட்டான் அவன் மார்பில் தகரத்தைக் குத்தினார். தான் அந்தத் திருப்பங்களை எப்படி எடுத்தான் என்று அவன் விளக்க ஆரம்பித்தான்.

அப்போது மரத்தரையில் குதிரை நடப்பதுபோல் கடின பூட்டுச் சத்தம் கேட்டது. ரோஸ்விதா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொக்கிகளை நிதானமாகக் கழற்றினாள். ஒரு பூட்டைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

"இதுலயும் ஊத்து கஜெட்டான்."

"என்னத்துக்கும்மா?"

"காலையில மொத நாற்காலில போனது யாருன்னு கெர்டிய கேளு."

கேட்டார். சொன்னேன். நன்றாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஒட்மார் மீசை நுரையைத் துடைத்துக்கொண்டான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னுது ஒன்னுதுன்னு இருக்கா என்ன? அதுவுமில்லாம அந்தப் பூட்டு என்னுது. பலகையும் என்னுது."

"ஆமா, ஒன்னுதுதான். ஒன் கால்ல இருந்த வரைக்கும் அது ஒரு கோடு போடலியே" என்றாள் ரோஸ்விதா. பீர் ஊற்றியதும் பூட்டைக் காலி செய்தாள். கஜெட்டான் அவன் மார்பிலிருந்து தகரத்தை எடுத்து அவள் கோட்டில் குத்தினார்.

வேறு மனிதனாக இருந்தால் தரையைப் பிளந்துகொண்டு போயிருப்பான். ஒட்மார் அந்த ஈரப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "ரோஸ்வி, அதக் கொஞ்சம் திருப்பிக் குடேன். பூட்டுதான் விஷயம்னு இப்பத்தான் புரியுது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. "எடுத்துக்க" என்றாள். "எனக்கு ஒன் புதுசு போதும். இனிமே நான் தனி நாற்காலில போறேன்."

மறுநாள் காலை அவனுடைய புதிய பூட்டில், இரண்டு கொக்கியைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, அவள் முதலில் போனாள். அடுத்த நாற்காலியில் அவனை ஏற்றினேன். பிறகு சங்கத்தார் வந்தார்கள், சரிவைப் பார்த்துக்கொண்டே மேலே போனார்கள். அங்கே ஒரு கோடும் ஒரு வழிசலும் கிடந்தன. எது யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.